வாய் திறக்கும் முன் விலை

விலை கேட்பது மரியாதை இல்லை என்று முதன்முதலில் சொன்னவன் நிச்சயம் விற்கிறவனாகத்தான் இருந்திருப்பான். வாங்கித் தின்கிறவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். இதை நான் பெரிதாக யோசித்துச் சொல்லவில்லை. என் மதினியோடு ஒரே வீட்டில் கஞ்சி குடித்தவன் யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்வான்.

மதினி என் அண்ணனின் மனைவி. பாம்பன் கரையில் எங்கள் வீடு. அண்ணனும் நானும் ஒரே வத்தையில், சின்னப் பாய்மரப் படகுதான் அது, கடல் தொழிலுக்குப் போவோம். மதினி கரையில் மீன் எடுத்து, பெட்டியைத் தலையில் வைத்து, ரயிலேறி மண்டபம் வரைக்கும் போய் விற்றுவிட்டு வருவார். ஆள் குள்ளம், ஒல்லி. குரல் மட்டும் வேறு யாருக்கோ வைத்திருந்ததைத் தவறுதலாக அவரிடம் கொடுத்துவிட்டது போல அப்படி ஒரு குரல். கரையின் இந்தக் கோடியில் அவர் பேசினால் அந்தக் கோடியில் வலை காயப்போடுகிறவன் திரும்பிப் பார்ப்பான்.

அந்தக் குரலில் எப்போதும் முதலில் வருவது "எவ்வளவு?" என்பதுதான். உப்பு வாங்கினாலும் சரி, ஊசி போட்டுக்கொண்டாலும் சரி. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். மதினி விலை கேட்பாரே தவிர பேரம் பேச மாட்டார். சொன்ன விலை கட்டினால் எடுப்பார், கட்டாவிட்டால் "ரொம்ப சந்தோசம்" என்று போய்விடுவார். விலையைச் சொல்லாமல் மழுப்புகிறவர்கள்மேல்தான் அவருக்குக் கோபம். "பெறகு பாத்துக்கிடலாம்", "உங்ககிட்ட என்ன விலை", "மொதல்ல எடுத்துட்டுப் போங்க" என்று யாராவது சொன்னால் அவ்வளவுதான், அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

ஒரு கல்யாணத்துக்குப் படம் பிடிக்க ராமநாதபுரத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றார்.

"சிரிச்சா தனிக் காசா, இதுலயே சேத்தியா?" என்று கேட்டார் மதினி.

பெண்ணும் மாப்பிள்ளையும் முதற்கொண்டு எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் சிரிக்காமல் நிற்பது மதினி ஒருவர்தான். அவர் கேட்டதற்குப் பதில் வரவில்லையே.

முதல் தேர்தல் வந்தபோது வேட்டி கசங்காத ஒருவர் கும்பிட்டபடி தெருவில் வந்தார். "ஓட்டுதானம்மா கேக்கிறோம், காசா பணமா?" என்றார். மதினி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"காசில்லாமக் குடுக்கிற சாமானுக்குத்தானய்யா பின்னால கூடுதலா இழுக்கும்? நீங்க செயிச்சா எங்களுக்கு என்ன செலவாகும், அதச் சொல்லிட்டுப் போங்க" என்றார்.

என் அம்மா உள்ளே தலையில் அடித்துக்கொண்டார். "இவளோட நாலு எடத்துக்குப் போக முடியுதா? மானத்த வாங்குறா" என்பார் அம்மா. நானும் அப்போது அம்மா கட்சிதான். அவரோடு கடைத்தெருவுக்குப் போனால் இரண்டு அடி பின்னாலேயே வருவேன்.

எங்கள் கரையில் ஏலம் எப்படி என்று இங்கே சொல்லிவிட வேண்டும். மீனைக் குவியலாக மணலில் கொட்டுவார்கள். ஏலக்காரர் விலையைக் கூவுவார். கரையில் நிற்கும் எல்லோர் காதிலும் அது விழ வேண்டும். விலை படியும்வரை யாரும் குவியலில் கை வைக்கக் கூடாது. வைத்தால், வைத்தவர்தான் எடுக்க வேண்டும், ஏலக்காரர் என்ன விலை சொன்னாலும். ஒருவர் அமுக்கிப் பார்த்த மீனை அடுத்தவர் வாங்க மாட்டார் என்பதால் வந்த பழக்கம் இது. நடக்கப் பழகும் பிள்ளைகூட மீன் குவியலுக்குப் பக்கத்தில் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும். தொட்டால் எடுக்கணும். இதற்கு மேல் எங்கள் கரையில் சட்டம் கிடையாது.

இந்தச் சட்டம்தான் என் அண்ணனைக் கொன்றது.

அது கச்சான் என்கிற மேல்காற்று அடித்த காலம். கடலில் பாடு இல்லை, வலையில் மீனே படவில்லை. அண்ணனுக்குக் கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல் வலித்தது. கிராம்பு வைத்தார், பெருங்காயம் வைத்தார், புகையிலை அடக்கினார். வலி ஒரு நாள் விடும், மறுநாள் பிடிக்கும். ராமநாதபுரத்தில் பல் டாக்டர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் யாருமே அவரிடம் போனதில்லை. போனவன் வலையை விற்றான் என்று ஒரு பேச்சு. எந்த ஊரான், எந்த வலை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

"போய்க் காட்டிட்டாவது வாங்களேன்" என்று மதினி மன்றாடினார்.

"காட்டுறதாவது? வெவரம் தெரியாமப் பேசாத. தொட்டா எடுக்கணும்டி. டாக்டரு வாய்க்குள்ள கைய வச்சுட்டா பெறகு அவரு சொன்னதுதான் வெல. நடுவுல எந்திரிச்சு வர முடியுமா? பாடு வரட்டும். கையில காசோட போவோம்" என்றார் அண்ணன்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அம்மாவுக்கும் பட்டது. மதினிக்குக்கூடப் பட்டது. கரையில் பிறந்தவர்தானே அவரும்?

பாடு வருவதற்குள் வீக்கம் கழுத்துக்கு இறங்கிவிட்டது. காய்ச்சல். வாயைத் திறக்கவே முடியவில்லை. எச்சில் விழுங்க முடியாமல் துணியில் ஒழுகியது. தூக்கிக்கொண்டுபோய் ரயிலில் ஏற்றினோம். பாலத்தைக் கடந்தது ரயில், மண்டபம் தாண்டவில்லை. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. புயலில் கவிழ்ந்த வத்தையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்த மனிதர் அவர். ஒரு பல்லுக்குப் போனார்.

மதினிக்குப் பிள்ளை இல்லை. தாய்வீட்டுக்குப் போகச் சொல்லி ஊர் சொன்னது. "போனா எனக்கு என்ன கெடைக்கும், இருந்தா என்ன கெடைக்கும்னு கணக்குப் பாத்துட்டேன். இங்கனதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பெட்டியைத் தூக்கினார்.

முப்பதாம் நாள் பூசை வைக்க மாதா கோயிலுக்குப் போனோம். பாதிரியாரைத்தான் நாங்கள் சாமியார் என்போம். அவரிடம் மதினி கேட்டார், "பாட்டுப் பூசைக்கு எவ்வளவு சாமி? பாட்டில்லாம வச்சா எவ்வளவு?"

சாமியார் சொன்னார். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம்.

"பாட்டில்லாட்டி அவரு மோட்சத்துக்குப் போகாம உத்தரிக்கிற ஸ்தலத்துல கூட நாள் கெடப்பாரா?"

சாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். சாமியார் மெல்லச் சொன்னார், "அப்படி ஒண்ணும் இல்லம்மா. பூசை பூசைதான்."

"அப்ப பாட்டில்லாமலே வைங்க சாமி. பாட்ட நானே பாடிக்கிறேன்."

சொன்னபடி பாடவும் செய்தார். பூசை முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு, பின்வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அண்ணனுக்குப் பிடித்த மாதா பாட்டை முழுவதும் பாடினார். அந்தக் குரல் கோயில் கூரையில் போய் முட்டியது. சாமியாரும் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். அன்றைக்குத்தான் மதினி எனக்கு வேறு ஆளாகத் தெரிந்தார்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து எனக்கும் பல் வலிக்க ஆரம்பித்தது. அதே கடைவாய். அதே பக்கம்.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? வீட்டில் சம்பாதிக்கிற ஆண் நான் ஒருவன்தான். அம்மா பாதி உயிராகக் கிடந்தார். பயம் என்றால் அப்படி ஒரு பயம் எனக்கு. நடுக்கடலில் பயந்தால்கூடத் துடுப்பைப் பிடித்துக்கொள்ளலாம், இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மறுபக்கமாகச் சாப்பிட்டேன். கருவாட்டைக் கடிக்காமல் கஞ்சியில் ஊறப்போட்டு விழுங்கினேன். ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் மதினி முடியை அள்ளி முடிந்துகொண்டே சொன்னார், "நாளைக்கு ராம்நாடு போறேன். பல்லு டாக்டரப் பாக்கணும்."

அம்மா பதறிப்போனார். "உனக்குமா? எந்தப் பல்லு வலிக்குது?"

"ஒண்ணும் வலிக்கல."

"பெறகு?"

"வலிக்காம இருக்கும்போதே பாக்க எவ்வளவுன்னு கேட்டுக்கிட்டு வாரேன்."

வீட்டில் பெரிய ரகளை. புருசன் செத்து வருசம் திரும்பவில்லை, நல்ல பல்லை ஊரான் ஒருவனிடம் திறந்து காட்டவா என்று அம்மா கத்தினார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. மதினி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விட்டார். மறுநாள் முதல் ரயிலுக்குக் கிளம்பி வாசலில் நின்று, "கொழுந்தனாரே, தொணைக்கு வாரீகளா, இல்ல நான் மட்டும் போகவா?" என்றார். போனேன்.

டாக்டரின் இடம் கடைத்தெருவில் ஒரு மாடி. சாய்கிற நாற்காலி ஒன்று, பக்கத்தில் காலால் மிதித்துச் சுற்றுகிற யந்திரம், துப்புவதற்குப் பீங்கான் கிண்ணம். வாசல் பெஞ்சில் வெள்ளாமை செய்கிற சம்சாரி ஒருவர், துண்டால் கன்னத்தைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உத்தரகோசமங்கைப் பக்கமாம். மதினி முந்திக்கொண்டு உள்ளே போய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். டாக்டர் சின்னக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாயைத் திறங்க."

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "பாக்க எவ்வளவு?"

"முதல்ல பாக்கட்டும்மா. பாத்தாத்தானே தெரியும்."

"பாத்தா, என்ன செய்யணும்னு தெரியும். நான் கேக்கிறது, பாக்கிறதுக்கு எவ்வளவு?"

"எந்தப் பல் வலிக்குது?"

"எதுவும் வலிக்கல."

டாக்டர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். எங்கள்மேலிருந்து வந்த மீன் வாசம் அவருக்கு ஏற்கெனவே பிடிக்கவில்லை. "இதென்ன மீன் ஏலமா? எழுந்திருங்க. அடுத்த ஆள் வரட்டும்" என்றார்.

"ஏலமா இருந்தாத் தேவலயே அய்யா. அங்கன வெலய நாலு பேரு காதுல விழச் சொல்லுவாக. நீங்க சொல்ல மாட்டேங்கிறீக. சொல்லுங்க, எந்திரிச்சுப் போறேன்."

"படிச்ச டாக்டர்கிட்ட இப்படியெல்லாம் கேக்கக் கூடாது."

"ஏன், படிச்சவுக காசு வாங்க மாட்டாகளா?"

எனக்கு வியர்த்துவிட்டது. பல் வலிகூட மறந்துபோனது. மதினி நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைத் தூக்க வேண்டுமென்றால் நாற்காலியோடுதான் தூக்க வேண்டும். அப்போது வாசலிலிருந்து அந்தச் சம்சாரி, கட்டின வாயோடு குழறிக் குழறிச் சொன்னார்.

"அந்தம்மா கேக்கிறது ஞாயந்தானே சாமி? நானும் அது தெரியாமத்தான், வாசப்படி வரைக்கும் வாரதும் திரும்பிப் போறதுமா அலையுதேன்."

டாக்டர் அவரைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். அதையும் சொல்ல வேண்டும். "யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லையே" என்றார், குரலை இறக்கி.

"வலியோட வாரவன் எப்படி அய்யா கேப்பான்? எடுத்து விட்டாப் போதும் சாமின்னு கதறத்தான் செய்வான்."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாக்க ரெண்டு ரூபா. பிடுங்கினா அது தனி, அடைச்சா அது தனி. எதையும் செய்யறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். போதுமா?"

"பாத்த பெறகு, வேணாம்னு சொன்னா?"

"வேணாம்னா எழுந்து போங்க. யார் பிடிச்சு வைக்கப் போறா?"

"வாய்க்குள்ள கைய வச்ச பெறகுமா?"

"கை வைக்காம எப்படிம்மா பாக்கிறது? வச்ச பிறகுதான்."

மதினி அதையே மறுபடியும் கேட்டார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். "கைய வச்ச பெறகும் எந்திரிச்சு வந்துரலாமா?"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கதவைப் பிடித்துக்கொண்டேன். பார்ப்பது வேறு, எடுப்பது வேறு. அண்ணன் காட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அவ்வளவுதான் விஷயம். மதினியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை. அப்படியே தலையைச் சாய்த்து வாயைத் திறந்தார்.

டாக்டர் கண்ணாடியை விட்டுச் சுற்றிப் பார்த்தார். சீக்கிரம் முடிந்துவிட்டது. "எல்லாம் நல்லா இருக்கு. ஒண்ணும் செய்ய வேண்டாம்."

மதினி இறங்கி, முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு ரூபாயை மேசைமேல் வைத்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு ரூபாயை வைத்தார்.

"இது யாருக்கு?" என்றார் டாக்டர்.

"அந்தா நிக்கிறாரே, அவருக்கு. கீழ்க் கடவாய். வலது பக்கம்."

நான் திகைத்துப்போய் நின்றேன். "மதினி, எனக்கொண்ணும்..."

"கருவாட்டக் கஞ்சியில ஊறப்போடும்போதே தெரியும் தம்பி. வலிக்கிறவனுக்கு வெல கேக்க வாய் வராது. அதான் வலிக்காத வாய முன்னால கொண்டாந்தேன். ஏறி உக்காரு. கை வச்சாலும் எந்திரிச்சு வந்துரலாம். கேட்டயில்ல?"

ஏறி உட்கார்ந்தேன். பிடுங்க வேண்டும் என்றார் டாக்டர். எவ்வளவு என்று அவராகவே சொன்னார். மதினி ஒரு காசு குறைத்துக் கேட்கவில்லை. அந்தச் சம்சாரி நான் இறங்கும்முன்பே துண்டை அவிழ்த்துக்கொண்டு தயாராக நின்றார்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரிலிருந்து யார் போனாலும், உட்காரும் முன்பே டாக்டர் விலையைச் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் இவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மதினி பிறகு பல வருஷம் இருந்தார். அவருக்கு வலியே இல்லாமல் வருஷம் ஒரு தடவை போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வருவார். "நல்ல பல்லுக்குத் தண்டம் அழுவுறா" என்று ஊர் சிரிக்கும். "ஓட்ட இல்லாதப்பவும்தான் வத்தையக் கரையில ஏத்திக் கவுத்திப் பாக்குறீக, அதுக்கு மட்டும் சிரிப்பு வரலயோ?" என்பார். டாக்டர் ஒருமுறை விலையைக் கூட்டியபோது, கூட்டினதற்கு ஒன்றும் சொல்லவில்லை, முன்கூட்டியே சொல்லவில்லையே என்று சண்டை போட்டார்.

ஆனால் மதினி என்றதும் எனக்கு முதலில் நினைவில் வருவது, ராமநாதபுரம் போய்வந்த அந்த மறுநாள் காலைதான்.

திரும்பும்போது ரயிலில் மதினி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். என் வாயில் பஞ்சு. பாலத்தின் மேல் வரும்போது, "ரெண்டு ரூபா" என்று கடலைப் பார்த்துச் சொன்னார். வீட்டில் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எவ்வளவு ஆச்சு என்று அம்மா கேட்கவில்லை. கேட்டால், போனதை ஒத்துக்கொண்டதாகிவிடுமே.

விடிந்ததும் கரையில் ஏலம். அன்றைக்கு நல்ல சூடை மீன் பாடு. ஊரே கூடியிருந்தது. வீட்டுக்கு மீன் எடுக்க அம்மாவும் வந்து நின்றார். ஏலக்காரர் ஒரு குவியலை விட்டு முடித்தார், மீனை அள்ளிவிட்டார்கள். காலியான அந்த மணலில் மதினி தன் வெறும் பெட்டியை வைத்துவிட்டு, ஏலக்காரரின் அதே ராகத்தில் கூவ ஆரம்பித்தார்.

"பல்லுப் பாக்க ரெண்டு ரூபா! பல்லுப் பாக்க ரெண்டு ரூபா! கைய வச்சாலும் எடுக்க வேணாம்! பாத்துட்டு எந்திரிச்சு வரலாம்!"

கரை சிரித்தது. "பல்லையும் ஏலத்துக்கு விட்டாச்சா?" என்றான் ஒருவன்.

ஏலக்காரருக்குக் கோபம். "ஏம்மா, இது மீன் போடுற எடம். ஒன் பல்லுக் கதைய வீட்டுல போய்ச் சொல்லு" என்றார்.

"மீன் வெலய நீங்க சொல்லுங்க. ஒரு மனுசன் செத்த வெல இது. நான்தான் சொல்லுவேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா முன்னால் வந்தார். கையிலிருந்த ஓலைப்பெட்டி நழுவி விழுந்ததுகூடத் தெரியவில்லை.

"எவ்வளவு?" என்று கேட்டார். அம்மா வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்து நான் கேட்டதே இல்லை.

"ரெண்டு ரூபா, அத்தை."

"ரெண்டே ரூபாயா?"

"ஆமா அத்தை. ரெண்டே ரூபா."

அம்மா அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தேன். யாரோ, "போதும் தாயீ, விட்ரு" என்றார்கள் மதினியிடம். மதினி குனிந்து அம்மாவின் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, கரையின் அந்தக் கோடிக்கும் கேட்கும்படி, முன்னைவிடச் சத்தமாக இன்னொரு தடவை கூவினார்.